மதயானையும் ரேடியோ காலரும்

மனத்தை மதயானை என்று சொல்லிவைத்த ஞானிகளில் ஒருவர்கூட யானைகள் உலவும் சின்னக்கானலில் குடியிருந்தவராகத் தெரியவில்லை. இருந்திருந்தால், "அங்குசத்தை எடு, அடக்கு" என்று அத்தனை சுலபமாக முடித்திருக்க மாட்டார்கள். இங்கே ஒரு யானையை அடக்க மயக்க ஊசி, கும்கி, லாரி, போதாததற்கு ஹைகோர்ட்டும் வேண்டும்.

நான் பிறந்தது பாலக்காட்டு மலம்புழைப் பக்கம். பெண் கட்டியது இடுக்கியில், சின்னக்கானலை ஒட்டிய சூரியநெல்லியில். இரண்டும் யானை ஊர். முன்கோபக்காரனான எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் கீதையைத் தொடுவதில்லை. நேரே வனத்துறைக்குப் போய்விடுவார்கள்.

என் அண்ணன் கூண்டுக் கட்சி. 2023 ஜனவரி 22 அன்று பாலக்காடு தோணியில் பி.டி.7 என்ற கொம்பனைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். அமைச்சர் 'தோணி' என்று பெயரும் வைத்தார். "மனசையும் இப்படி அடைச்சுப் போடணும்டா" என்பார் அண்ணன். சொல்வதோடு நிற்காமல், சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் அடைத்தும் காட்டுவார். மாலையைக் கழற்றிய சாயங்காலம் அவரைப் பார்க்க வேண்டுமானால் கள்ளுக்கடைக்குத்தான் போகவேண்டும்.

மைத்துனன் இடமாற்றக் கட்சி. "மச்சான், ஒரு வாரம் ஆசிரமத்துல இருந்துட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்." இவன் அரிக்கொம்பன் ஊர்க்காரன்! ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அந்த யானைக்குக் கூண்டு வேண்டாம், பரம்பிக்குளத்துக்கு அனுப்புங்கள் என்றது ஹைகோர்ட். பரம்பிக்குளத்துப் பக்கத்து முதலமடைக்காரர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். அடுத்தவர் யானையை யார் ஏற்பார்கள்? கடைசியில் அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், பரிபூரண ஏகாந்தம். ஒரு மாதம் முடியவில்லை, கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தான். ஊரில் 144 போட்டார்கள். ஜூன் 5 அன்று தமிழ்நாடு மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது.

ஆசிரமத்தில் நான் கண்ட ஞானமும் அதுவே. கண்ணை மூடினேன், ஏலக்காய் விலை வந்தது, வரப்புத் தகராறு வந்தது, அதற்குப் பின்னாலேயே அண்ணனும் வந்தார்.

ஏலத்தோட்டத்திலேயே ஆயுசைக் கழித்த மாமியார்தான் ஒருநாள் சொன்னார்: "யானையப் பிடிக்கிற வேலை நமக்கெதுக்கு மாப்ள? எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதாதா? போன்ல சேதி வந்தா நாங்க அந்தப் பக்கம் போகமாட்டோம்."

வால்பாறையிலும் இதே ஏற்பாடு உண்டு. யானை அருகில் இருந்தால் செல்போனில் செய்தி போகும், சிவப்பு விளக்கு மினுக்கும். விளக்கு யானையை விரட்டுவதில்லை, மனிதனை நிறுத்தும். அரிக்கொம்பனின் காலரும் அவனைத் தடுக்கவில்லை. அவன் எங்கே போகிறான் என்பதை மட்டும் சொன்னது. கோபம் வருவதை நான் தடுக்க முடியாது. வருகிறது என்று தெரிந்துகொண்டால், அது போகும்வரை நாக்கையாவது வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். மன அடக்கம் என்று நான் கற்றது இவ்வளவே.

ஒரே சிக்கல், என் கோபத்தின் சிக்னல் எனக்கு வருவதற்கு முன்பே என் மனைவிக்குப் போய்விடுகிறது. அவள் சமையலறையிலிருந்தே 144 அறிவிக்கிறாள். பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிடுகிறார்கள். கூடத்தில் நான் மட்டும், தின்ன அரிசிகூட இல்லாமல்.