முதல் பக்கத் தம்பி

நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கிறவர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு போடுகிறவர், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்காரர். யாராக இருந்தாலும் எஸ்இஓ தம்பி சொல்வது ஒன்றுதான்: "கூகுள்ல மொத பக்கத்துல நிறுத்தறனுங்ணா."

நிறுத்தியும் காட்டுவார், அதில் குறை சொல்ல முடியாது. முதலாளியின் போனையே வாங்கி, அவர் கண்ணெதிரே கடைப் பெயரை அடிப்பார். சும்மா இல்லை, இனிஷியல் விடாமல், குலசாமி பெயர் விடாமல், கடைசியில் ஊர்ப் பெயரும் சேர்த்து. முதலில் வந்து நிற்கும். வராமல் எங்கே போகும்? அந்தப் பெயரில் உலகத்தில் வேறு கடையே கிடையாது. போதாததற்குத் தேடுவதும் பட்டறைக்குள்ளேயே நின்றுகொண்டு. பக்கத்தில் இருக்கிற கடையைத்தான் கூகுள் மேலே தூக்கி வைக்கும் என்பது தம்பிக்குத் தெரியாதா என்ன? "பாத்தீங்களாங்ணா?" என்பார். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அட்வான்ஸ் கைமாறிவிடும்.

ஒருநாள் லாரி பாடி அண்ணன் பட்டறையில் நான் குறுக்கே புகுந்தேன். "கடைப் பேரு வேண்டாம் தம்பி. லாரி பாடின்னு மட்டும் அடிங்க, வெளியூர்க்காரன் தேடற மாதிரி." அடித்தார். நாலு பக்கம் தள்ளியும் அண்ணனைக் காணோம். தம்பி அசரவில்லை. "பேக்லிங்க் பத்தலீங்ணா. டொமைன் அத்தாரிட்டி வேற கம்மி. மெட்டா கீவேர்டு அம்பது போட்டிருக்கேன், ஏறிடும்."

ஏறாது. டொமைன் அத்தாரிட்டி என்பது மோஸ் என்கிற தனியார் நிறுவனம் போடுகிற மார்க்; கூகுள் அதைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. மெட்டா கீவேர்டை வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதே இல்லையென்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. முதல் இடம் உத்தரவாதம் என்கிறவரிடம் உஷாராக இருங்கள் என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பியும் படித்திருப்பார். நமக்குப் படித்துக் காட்டமாட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டீ வருகிறவரை சும்மா உட்காரப் பிடிக்காமல், கூகுள் மேப்பில் பட்டறையின் புள்ளி எங்கோ சோளக்காட்டில் கிடந்ததை இழுத்துச் சரியான இடத்தில் வைத்தார். போன் நம்பர், திறக்கிற நேரம், புதிதாய்ப் பெயின்ட் அடித்த வண்டியின் போட்டோ எல்லாம் ஏற்றினார். காசு கேட்கவில்லை, கூகுளும் அதற்குக் காசு வாங்குவதில்லை. மறுமாதம் ஆந்திராக்காரர் ஒருவர் வழி கேட்காமல் நேராக வந்து இறங்கினார். வேலை செய்தது அது ஒன்றுதான். அதற்குத்தான் பில் இல்லை. அன்றைக்குத் தம்பிமேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

டொமைன் ரினியூவல் வந்தபோது அந்தப் பாசம் போய்விட்டது. டொமைனை அண்ணன் பெயரில் வாங்காமல் தன் மெயிலில் தன் பெயருக்கே பதிந்து வைத்திருக்கிறார். காசு அண்ணனுடையது. எஸ்இஓ வார்த்தை எதுவும் அண்ணனுக்குப் பிடிபடவில்லை, இது மட்டும் உடனே பிடிபட்டது. "வண்டி என்னுது, ஆர்சி புக்கு அவம்பேர்லயா?" என்றார். பாஸ்வேர்டு கேட்டால் "சர்வர்ல இருக்குங்ணா, எடுத்துத் தரேன்" என்கிறார். எடுத்துத் தந்தபாடில்லை. இப்போது அண்ணன் நம்பருக்குப் போனே எடுப்பதில்லை. புது நம்பரிலிருந்து அடித்தால் ரெண்டாவது ரிங்கில் எடுக்கிறார்.