கம்மாய்க்குப் பீரியடு கிடையாது, டீச்சரம்மா

வாங்க டீச்சரம்மா, இப்பிடித் திண்ணையில உக்காருங்க. ஆறு, ஏழு, எட்டுப் பிள்ளைகளச் சேத்துவச்சு தண்ணியப் பத்தி ஒரு செயல்திட்டம் செய்யப் போறதாச் சொன்னீக. அறிவியல், கணக்கு, தமிழு, சமூக அறிவியல், இங்கிலீசு எல்லாம் அதுக்குள்ளயே வரணுமாம். நல்ல காரியந்தான். ஆனா என்னயக் கேட்டா, பேசாம ஒரு சார்ட் வாங்குங்க. நீலத்துல ஒரு சொட்டு வரைஞ்சு, அதுக்குக் கண்ணு மூக்கு வச்சு, அழுக விட்டுருங்க. மார்ச் 22 தண்ணீர் தினத்தன்னைக்குச் செவுத்துல ஒட்டிப் போட்டோ எடுத்து வாட்சப்புல போட்டா முடிஞ்சது சோலி. அத விட்டுட்டு நெசமாவே தண்ணியப் பத்திச் சொல்லிக்குடுக்க எறங்குனீக, ஊர்ல பாதிப் பேருக்குத் தூக்கம் போயிரும். கெழவன் முன்னாடியே சொல்லலையேன்னு அப்புறம் வரப்படாது.

சரி, விடமாட்டேங்கிறீக. சொல்றேன், கேட்டுக்கங்க.

மொத நாளு புத்தகத்தத் தொறக்காதீக. "இன்னைக்குக் காலையில உங்க வீட்டுக்குத் தண்ணி எடுத்தது யாரு?"ன்னு மட்டும் கேளுங்க. அம்மா, அக்கா, அப்பத்தான்னு பதில் வரும். பொம்பளப் பிள்ளைகள்ல பாதி தன் கையவே தூக்கும். ஆம்பளப் பயலுக அந்நேரம் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருப்பானுக. தள்ளுவண்டியில எத்தனை குடம், ஒரு நாளைக்கு எத்தனை நடை, குழாயடி எம்புட்டுத் தூரம்னு எழுதச் சொல்லுங்க. குடத்துக்குப் 15 லிட்டர்னு வச்சா, தண்ணி மட்டும் 15 கிலோ. ஒரு ஆத்தா ஒரு வருசத்துல எத்தனை டன் இழுத்திருக்கான்னு பெருக்கிப் பாக்கட்டும். வாய்ப்பாடு வராத பயலுக்கும் அன்னைக்கு வாய்ப்பாடு வரும். சாயங்காலம் வீட்டுக்குப் போயி அவ மூஞ்சியில முழிக்கணும்ல.

மக்கா நாளு, குழாயில வர்ற அந்தத் தண்ணி எங்கருந்து வருதுன்னு கேளுங்க. "மோட்டார்லருந்து"ம்பானுக. திருச்சிப் பக்கம் காவேரியில எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி, ராமநாதபுரம் வரைக்கும் குழாயில வருது தாயி. மேப்ப விரிச்சுவச்சு அந்த வழியில வெரல ஓட்டச் சொல்லுங்க, புவியியல் தன்னால வந்துரும். அப்பறம் வீட்டுக்கொரு பாட்டில்ல போர்த் தண்ணி, ஊருணித் தண்ணி, குழாய்த் தண்ணின்னு கொண்டாரச் சொல்லி, ஒரே அளவு சோப்பப் போட்டுக் குலுக்குங்க. எதுல நொரை வருது, எதுல திரிஞ்சு நிக்குதுன்னு பாத்தா உப்பும் கடினமும் வெளங்கிரும். கரைஞ்சு கெடக்குற உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் இருந்தாத்தான் குடிக்க நல்லதுன்னு சர்க்கார் அளவு வச்சிருக்கு. அத அளக்குற சின்ன மீட்டரு பேனா அளவுதான் இருக்கும். தலைமையாசிரியர் அறையில இருக்கிற கேன் தண்ணியவும் அளந்து பாருங்க. அத மட்டும் அவரு இல்லாத நேரமாப் பாத்து அளங்க.

மழைக்கு வருவோம். எங்க காலத்துல மில்லிமீட்டர் ஏது? ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழைன்னுதான் பேச்சு. ஏர் பூட்டுற அளவுக்கு மண்ணு நனைஞ்சாத்தான் அது மழை, மத்ததெல்லாம் தூறல். நீங்க ஒண்ணு செய்யுங்க. நெட்டுக்குத்தா, பக்கம் சரியாம இருக்கிற டப்பா ஒண்ண வெட்டவெளியில வச்சு, மழை விட்டதும் ஸ்கேல விட்டு அளக்கச் சொல்லுங்க. அதே மழையப் பத்தி நாலு சம்சாரிகிட்டப் போயி "இது எத்தனை உழவு?"ன்னு கேட்டு எழுதிட்டு வரட்டும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க எழுதுனா, ஒரு உழவுக்கு எத்தனை மில்லிமீட்டர்னு நம்ம ஊரு மண்ணுக்கு ஒரு கணக்கு சிக்கும். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத கணக்கு. எட்டாப்புப் பய கண்டுபிடிச்சான்னு எழுதி வச்சிக்கலாம்.

கூரைக் கணக்கும் உண்டு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லிட்டர். உங்க கட்டடம் 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம்னு வச்சுக்கங்க. 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,200 லிட்டர். நம்ம வறண்ட சீமையிலயே வருசத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்யுது. அப்ப 96,000 லிட்டர். அந்த அம்மா இழுக்குற குடத்துல 6,400 குடம், பள்ளிக்கூடத்து மாடியிலருந்து சும்மா வழிஞ்சு ஓடுது. 2003-ல ஊரெல்லாம் மழைநீர்த் தொட்டி கட்டணும்னு சட்டம் வந்தப்ப உங்க கட்டடத்துக்கும் குழாய் மாட்டுனாக. குழாய் இன்னும் இருக்கு. அது கீழ வந்து எதுல சேருதுன்னு பிள்ளைகள விட்டுத் தேடச் சொல்லுங்க. வரலாற்றுப் பாடத்துல அகழாய்வு வருதாமே, அதுல சேத்துக்கிடலாம்.

இனிமே கம்மாய்க்கு நடங்க. உள்ள, கரைக்குக் கொஞ்சம் தள்ளி, ரெண்டு கல்தூணு குறுக்குக் கல்லோட நிக்கும். பயலுக கோல்போஸ்ட்டும்பானுக, நல்ல சேட்டையும் பண்ணியிருப்பானுக. அது குமிழித்தூம்பு. அதுக்கடியில கல்தொட்டி, தொட்டியில மேல ஒரு துளை, கீழ சின்னத் துளைக. மேல் துளைய நீரோடின்னும் கீழ உள்ளத சேறோடின்னும் சொல்லுவாக. மேல தண்ணி போறப்பவே கீழ வண்டலும் சேந்து வயலுக்குப் போகும். கம்மாயும் மேடாகாது, வயலுக்கு உரமும் ஆச்சு. கரண்டு இல்ல, மோட்டார் இல்ல. பாண்டியன் காலத்துக் கொத்தன் எட்டாப்புப் படிச்சானான்னு தெரியாது, ஆனா நீரழுத்தம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இதப் படம் போட்டு வெளக்க டவுன்லருந்து ஆளு கூப்புட்டு, பொன்னாடை போத்தி, புரொஜெக்டர் தேட வேணாம். நம்ம நீர்க்கட்டியக் கூப்புடுங்க. மடையத் தொறக்க முங்கிப் போனவுக வம்சம் அது. எந்த மடை எப்ப தொறக்கணும், எந்த வயலு எத்தன நாழிகை குடிக்கும்னு வெரல் நுனியில வச்சிருக்காரு. கூலி ஒரு காலத்துல களத்து நெல்லு. இப்ப அவருக்கு யாரும் கூலி குடுக்கிறதில்ல. அவரு மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ஏன் போனான்னு பிள்ளைக கேட்டா, சமூக அறிவியல் ஒரு மாசத்துக்கு ஓடும்.

வரத்துக்கால்ல தண்ணி வர்ற நாளாப் பாத்து ஒரு காஞ்ச குச்சியப் போட்டு அது கூடவே நடக்க விடுங்க. 10 மீட்டர் போக 20 நொடி ஆச்சுன்னு வைங்க. அகலம் 2 மீட்டர், ஆழம் அரை மீட்டர். வேகம், அகலம், ஆழம் மூணையும் பெருக்கி, மேல்தண்ணி வெரசா ஓடும் அடித்தண்ணி மெதுவா ஓடும்னு பத்துக்கு ரெண்டு கழிச்சா, நொடிக்கு 400 லிட்டர். ஒரு கனஅடி 28.3 லிட்டர்ங்கிறதால சுமார் 14 கனஅடி. பேப்பர்ல தெனம் 'வினாடிக்கு இத்தனை கனஅடி திறப்பு'ன்னு போடுறானே, அந்தப் பேப்பர மறுநாள் அந்தப் பய விட மாட்டான்.

ஒரு விசயத்துல மட்டும் கெழவன் கேலி பேசல, கேளுங்க. தண்ணிக்குள்ள ஒரு பிள்ளையும் எறங்கப்படாது. சவுடுன்னு சொல்லி ஜேசிபி தோண்டுன பள்ளம் கம்மாய்க்குள்ள எங்க கெடக்குன்னு எங்களுக்கே தெரியாது. மடை வாயி இழுக்கும். கரையில நின்னுதான் எல்லாம். கூட ரெண்டு பெரியாளு, நீச்சல் தெரிஞ்ச ஆளா, கட்டாயம் இருக்கணும்.

இப்பத்தான் வம்பு ஆரம்பிக்குது. விஏஓ ஆபீசுல கிராம வரைபடம் இருக்கு. அதுல வரத்துக்கால எடுத்துப் படியெழுதிக்கிட்டு, காலால நடந்து பாக்கச் சொல்லுங்க. பாதித் தூரம் நல்லா நடப்பானுக. அப்பறம் கருவேலங்காடு, அதையும் தாண்டுனா ஒருத்தரு மாட்டுக்கொட்டம், அதுக்கங்குட்டு மாடி வீடு. படத்துல ஓடை, நெலத்துல மொசைக் தரை. "ஐயா, உங்க அடுப்படி ஓடையிலயா இருக்கு?"ன்னு ஒரு பய கேப்பான். அந்த வீட்டுக்காரரு எனக்குப் பங்காளி. நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து வாங்க.

வரலாறு வேணுமா? உத்திரமேரூர்க் கோயில் செவுத்துல, மொதப் பராந்தக சோழன் காலத்துல 919-லயும் 921-லயும் வெட்டுன கல்வெட்டு இருக்கு. ஏரிய நிர்வாகம் பண்ண ஏரி வாரியம், அதுக்குக் குடவோலைத் தேர்தல். பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது. அவன் மட்டுமில்ல தாயி, அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. இந்தப் பாடத்த உள்ளாட்சித் தேர்தல் சமயத்துல மட்டும் நடத்தீராதீக, உங்கள மாத்திப்புடுவாக. தமிழய்யாவுக்கும் வேலை இருக்கு. குடபுலவியனாரு பாண்டியன் நெடுஞ்செழியன்கிட்டப் போயி, பேரு நெலைக்கணும்னா பள்ளத்துல தண்ணியத் தேக்குய்யான்னு சொன்ன பாட்டு புறநானூத்துல இருக்கு. ராசாவுக்கே புத்தி சொன்ன காலம். இப்ப வார்டு மெம்பர்கிட்டச் சொல்லிப் பாருங்க.

ஊருணிப் பக்கம் போனா, ஒரே தண்ணிக்கு எதுக்கு ரெண்டு மூணு படித்துறைன்னு பிள்ளைக கேக்கும். பதிலு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். 1927 மார்ச்சுல அம்பேத்கர் மகாடு ஊர்ல சவுதார் குளத்துத் தண்ணியக் கையில அள்ளிக் குடிச்சதச் சொல்லிட்டு, மிச்சத்த வீட்டுப் பெருசுககிட்டக் கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி ஊர்ல ரொம்பத் தாத்தாக்களுக்கு இருமல் வரும். எவ்வளவு நேரம் இருமுனாருன்னும் எழுதிக்கிடட்டும்.

கடைசியா தமிழ்ப் பரீட்சை. "உங்கள் ஊரில் குடிநீர் வசதி வேண்டி விண்ணப்பம் எழுதுக." நான் படிச்ச காலத்துலருந்து இதே கேள்விதான். எத்தனை லச்சம் பிள்ளைக எழுதியிருக்கும்! ஒண்ணாவது தபால்பெட்டியில விழுந்துச்சா? மார்க்குப் போட்டுக் கட்டி வச்சு, பழைய பேப்பர்க் கடைக்குத்தான் போகுது. இந்தத் தடவை நெசப் பேரு, நெசத் தேதி, அளந்த கணக்கு எல்லாம் போட்டு எழுதச் சொல்லி, வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவுத் தபால்ல அனுப்புங்க. ரசீதக் கொண்டாந்தாத்தான் மார்க்கு. அப்பறம் பாருங்க, சார்ட் ஒட்டுற அந்த மார்ச் 22-லதான் கிராம சபையும் கூடுது. 2022-ல அரசு அறிவிச்ச ஏற்பாடு அது. படம் வரையுற போட்டிய வேற நாளைக்கு வச்சுட்டு, பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி மொத வரிசையில உக்காருங்க. 6,400 குடம், காணாமப்போன தொட்டி, மொசைக் போட்ட ஓடைன்னு ஒவ்வொண்ணா எந்திரிச்சு வாசிக்கட்டும். தீர்மான நோட்டுல ஏறுற வரைக்கும் டீ குடிக்கப் போயிராதீக.

இங்கிலீசுப் பாடத்துக்கு எடமே இல்லையேன்னு கவலப்பட்டீகளே? தலைவருக்கு முன்னாடி மேசையில நாலு பாட்டில் தண்ணி வச்சிருப்பாக. அது எந்த ஊர்ல ரொப்புனதுன்னு லேபிள்ல இங்கிலீசுல போட்டிருக்கும். நல்லாச் சத்தமா வாசிக்கிற பிள்ளையாப் பாத்து எழுப்பி விடுங்க.