வாபஸ் நைனா

கணியம்பாடியில், வேலூர்–திருவண்ணாமலை நெடுஞ்சாலையோரத்து டீக்கடை பெஞ்சில் ஒரு மஞ்சப்பை உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் வாபஸ் நைனாவும் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பைக்குள் இருப்பது தாம்பூலமல்ல, பில்கள். மிக்ஸிக்கு, மின்விசிறிக்கு, மருமகனுக்கு எடுத்த வாட்சுக்கு, 2009-ல் வாங்கி 2012-ல் உயிரை விட்ட பேட்டரிக்கு. பேட்டரியைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பில்லைப் போட மட்டும் மனசு வரவில்லை.

இவர் ஒருவரல்லர். ஆரணியில் ஒருவர் இருக்கிறார், போளூரில் ஒருவர் இருக்கிறார், நீங்கள் இதைப் படிக்கும் ஊரிலும் ஒருவர் இருப்பார். பை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

'விற்ற பொருள் வாபஸ் வாங்கப்பட மாட்டாது' என்ற போர்டைக் கண்டால் போதும், ராட்டினத்தைக் கண்ட பிள்ளை மாதிரி நைனாவின் முகம் மலர்ந்துவிடும். "இது இன்னாப்பா, சாமி படத்துக்கு மேல மாட்டி வெச்சிகீற?" என்று இதமாகத்தான் ஆரம்பிப்பார். "2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரெண்டாவது பிரிவு, நாப்பத்தேழாவது உட்பிரிவு. பழுதான சாமானைத் திருப்பி எடுத்துக்கினு காசு தரமாட்டேன்னு சொன்னா, அது நேர்மையில்லாத வணிகம். பில்லுல கெடு போட்டிருந்தா அந்தக் கெடு. போடலன்னா முப்பது நாள்." முப்பது என்று சொல்லும்போது மூன்று விரல்களை நீட்டுவார். கடைக்காரர் மூன்று நாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பயப்படுவார்.

முதலில் அவருக்கு மனப்பாடமாக இருந்தது 1986-ம் வருஷத்துச் சட்டம். புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. அப்போது ஊரடங்கு. சண்டை போடப் பாதிக் கடைகள் திறந்திருக்கவில்லை. நாமெல்லாம் வீட்டில் பல்லாங்குழி ஆடிய அந்த நாட்களில் நைனா புதுச் சட்டத்தை உரு ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஆனால் நியாயஸ்தர். ஒரு தம்பி சீட் கவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிழிசல் இல்லை, தையல் விடவில்லை. வீட்டில் கலர் பிடிக்கவில்லையாம். "சம்சாரத்துக்குக் கலர் புடிக்கலன்னு ஒரு பிரிவு சட்டத்துல இல்லடா. பழுதுன்னாதான் பேசமுடியும். பத்திரமா வெச்சிக்கோ, அவங்க மனசு மாறும்" என்று அனுப்பிவிட்டார்.

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்: "நாம வாடகைக்கு ஓட்டுறோமே, நமக்கு இது செல்லுமா?"

"நீ இன்னா, நூறு வண்டி வெச்சிருக்கிற முதலாளியா? வயித்துப் பாட்டுக்கு நீயே ஓட்டுற. நீயும் நுகர்வோர்தான்."

"நுகர்வோர்னா? மோந்து பாக்குறவனா நைனா?"

"பில்லு இல்லாம வந்தா, மோந்து பாத்துட்டுப் போவவேண்டியதுதான்."

நைனாவின் துக்கமெல்லாம் இந்தப் பில்லில்தான் இருக்கிறது. நம் ஊரில் வண்டிச் சாமானை வண்டிக்காரன் வாங்குவதில்லை. மெக்கானிக் பையனை அனுப்புவார், பையன் கடையில் "அண்ணன் கணக்குல எழுதிக்கோங்க" என்பான், நாம் மெக்கானிக்கிடம் காசு கொடுப்போம். ஒரு வாரத்தில் சாமான் படுத்துக்கொண்டால் கடைக்காரர் "மாட்டினவன் தப்பு" என்பார், மெக்கானிக் "பீஸே டூப்ளிகேட்" என்பார், நாம் பந்து மாதிரி நடுவில் உருளுவோம். பழுதா இல்லையா என்று ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சட்டத்திலே வழி இருக்கிறது. ஆனால் எதை எந்தக் கடையில் வாங்கினோம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் வேண்டாமா? கேட்டால், "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும் சார்" என்பார்கள். பெரும்பாலான வண்டிப் பாகங்களுக்கு வரி 28 விழுக்காடாக இருந்தபோதும் இதையே சொன்னார்கள். 2025 செப்டம்பர் 22-ல் அது 18 ஆனது. இப்போதும் அதே பல்லவிதான். பில் தராததும் அதே நாப்பத்தேழாவது உட்பிரிவில் வருகிறது என்று நைனா சொன்னால், வரி மிச்சம் பிடித்தவர் காது கேளாதவராகிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கே சோதனை வந்தது. அவருடைய பழைய ஆம்னிக்கு ரேடியேட்டர் ஃபேன் மோட்டர் மாற்றியிருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அமிர்தியில் மான் காட்டப் போனவருக்கு, மலையடிவாரத்துச் சாலையில் வண்டி இட்லிப் பானை மாதிரி ஆவி காட்டியது. புது மோட்டர் சுற்றவில்லை. ஒயரில் கரண்டு வருகிறது, மோட்டர்தான் செத்துவிட்டது. பேரப்பிள்ளைகள் அழ, நைனா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவது நாள்! இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கிறது! அதுவும் 'எலக்ட்ரிகல் ஐட்டம் ரிட்டர்ன் இல்லை' என்று எழுதி ஒட்டிய கடை!

மறுநாள் துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் போகும்போதே திட்டம் விரிந்தது. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன். மசியவில்லையா, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. ஐந்து லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. "நானே வாதாடுவேன்" என்றார். கண்ணில் அப்படி ஒரு ஒளி.

கடையில் மோட்டரை மேஜைமேல் வைத்தார். மஞ்சப்பையைத் திறந்து பில்லை எடுத்து நீட்டினார். முழுக்கக் கறுப்பு. ஓர் எழுத்து கிடையாது.

விஷயம் என்னவென்றால், முந்தைய கோடையில் டேஷ்போர்டில் வைத்த இன்னொரு பில் வெள்ளையாக வெளுத்துப்போயிருந்தது. அந்தப் பாடத்தை மறக்காமல், இதை வாங்கிய அன்றே லேமினேஷன் போட்டுவிட்டார். மெஷினில் வரும் பளபளப்புப் பில்லில் மை கிடையாது, சூடு பட்டுத்தான் எழுத்து விழுகிறது. லேமினேஷன் சூட்டில் காகிதம் முழுவதும் எழுத்தாகிவிட்டது. லேமினேஷன் கடைப் பையன் போட்டுக் கொடுத்ததை அவர் பார்க்காமலேயே மஞ்சப்பைக்குள் வைத்துவிட்டார்.

நைனா பேச்சற்று நின்றார். கடைக்காரர் அமாவாசையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்கு நைனா மூஞ்சி சுருங்குது? கம்ப்யூட்டர்ல உங்க நம்பர் கீது" என்று ஒரு தட்டுத் தட்டினார். புதுப் பில் வந்தது. பின்னாலேயே புது மோட்டரும் வந்தது. "இந்த லாட்டே சரியில்ல, நாலு பேர் திருப்பினு வந்துட்டாங்க. நான் கம்பெனிக்கு அனுப்பிக்கிறேன்."

மொத்தம் நாலு நிமிஷம். உட்பிரிவு ஒன்றுகூட வெளியே வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு, சம்பந்தி வீட்டில் சாப்பாடு போடாமல் அனுப்பிய மாதிரி உட்கார்ந்திருந்தார். "சண்டைக்கே வரமாட்டேன்றான்யா" என்றார் கணியம்பாடி வந்ததும். ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பர்ஸிலும் டேஷ்போர்டிலும் கிடக்கும் பளபளப்புப் பில்களை, வேலூர் வெயில் பார்ப்பதற்குள் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டாம்.