நீர்மோர்ப் பானை வைத்த நாள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் அட்சய திருதியைக்குப் பாட்டி வைத்த பெயர் ‘பானை வைக்கிற நாள்’. 1970களின் நடுப்பகுதி அது. சித்திரை அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் விடியும்போதே, திண்ணை ஓரத்தில் ஆற்று மணலைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் இரண்டு மண்பானைகளை உட்கார வைத்துவிடுவார். ஒன்றில் வெட்டிவேர் போட்ட தண்ணீர். இன்னொன்றில் நீர்மோர்: உப்பு, பெருங்காயம், தட்டிய இஞ்சி, கையால் கிள்ளிப் போட்ட நார்த்தை இலை. பானைகளைச் சுற்றிக் கட்டிய துணி காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது என் வேலை.

அன்று பெரிய தெருவில் கருட சேவை. சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி என்று ஊர்ப் பெருமாள்கள் எல்லாம் கருடன்மேல் ஏறி வரிசையாக வந்து நிற்பார்கள். சுற்று வட்டாரத்திலிருந்து சனம் வந்து குவியும். சித்திரை வெயில் சும்மா விடுமா? சேவித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். பாட்டி யாரையும் கூப்பிட மாட்டார். சொம்பை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், அவர்களாகவே வருவார்கள்.

ஒரு வருஷம் மூட்டை ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். மூன்று டம்ளர் மோர் குடித்தார். நாலாவதாகத் தண்ணீர் வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். பாட்டி அவர் காலைப் பார்த்தார். செருப்பில்லாத கால், தார் ரோட்டில் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது. உள்ளே போன பாட்டி, அப்பா முந்தின வாரம்தான் வாங்கியிருந்த செருப்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். “அப்பா தேடுவாங்க பாட்டி” என்றேன். “உங்கப்பன் வரட்டும், நான் சொல்லிக்கிறேன்” என்றார். பாத்திரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புதுச் செருப்பு லேசான செலவில்லை. சாயங்காலம் வந்தார், விஷயத்தைக் கேட்டார், பரணிலிருந்து வார் அறுந்த பழைய செருப்பை எடுத்துத் தைக்கக் கொண்டுபோனார். அதற்குமேல் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த நாளில் தண்ணீர்க் குடம், மோர், விசிறி, குடை, செருப்பு, தயிர்சாதம் இவற்றைத் தானம் செய்ய வேண்டும் என்பது பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தது. கோடையில் தவிக்கிற உடம்புக்கு என்னவெல்லாம் வேண்டுமோ, அதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பாட்டி அன்றைக்கு இரண்டு மணிக்கு மேல்தான் சாப்பிடுவார். “பானை வத்தட்டும்” என்பார்.

அந்தக் காலம் குறையில்லாத காலம் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு டம்ளரிலும் சிலருக்கு ஏந்திய கையிலுமாக ஊற்றிய திண்ணைகளும் அதே ஊரில் இருந்தன. அது பாவம்தான். ஆனால் அந்த நாள் எதற்காக வந்தது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. பவுன் ஐந்நூறு ரூபாய்க்குள் விற்ற காலம் அது. இருந்தும், அன்றைக்குத் தங்கம் வாங்க வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

2025 ஏப்ரல் 30, அட்சய திருதியை. சென்னை தியாகராய நகரில் நகைக்கடை வாசலில் காலை ஆறு மணிக்கு மருமகளோடு டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றேன். பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. “ஒரு குண்டுமணியாவது வாங்கணும் அத்தை, இன்னைக்கு வாங்கினாத்தான் பெருகும்னு எல்லாரும் சொல்றாங்க” என்றாள். நல்ல பெண். குடும்பம் தழைக்க வேண்டும் என்ற ஆசைதான் அவளுக்கு. வரிசைக்குப் பந்தல் போட்டிருந்தார்கள், குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பந்தலுக்கு வெளியே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து ஒரு பாட்டில் கேட்டார். “டோக்கன் வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தாம்மா” என்றான் கடைப் பையன். என் கையில் பாதி பாட்டில் இருந்தது. எங்கள் எண்ணைக் கூப்பிடுகிற நேரம். நான் வரிசையை விட்டு நகரவில்லை.

வாங்கியது இரண்டு கிராம் மோதிரம். செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் போட்டு பில் வந்தது. திருப்பி விற்றால் இதில் எதுவும் கைக்கு வராது. அட்சயம் என்றால் குறையாதது என்று பொருள். நாங்கள் வாங்கிய பொருள் கவுண்டரைத் தாண்டும் முன்பே குறைந்துவிட்டது. ஜூனில் பேரனின் பள்ளிக் கட்டணத்துக்காக, ஒரு சங்கிலியோடு அந்த மோதிரமும் அடகுக் கடைக்குப் போனது.

தங்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆபத்துக்குப் பெண்கள் கையில் இருந்த ஒரே சொத்து அது. என்னால் தாங்க முடியாதது வேறு: கொடுக்கிற நாளை வாங்குகிற நாளாக மாற்றிவிட்டு, அதையே சாஸ்திரம் என்றும் சொல்கிறோமே, அதுதான். விளம்பரங்களில் குசேலர் வருகிறார், அவருக்குக் கிடைத்த மாளிகை வருகிறது. அவர் கந்தலில் முடிந்து எடுத்துப்போன அவலும், கண்ணன் முன்னால் போய் நின்றும் எதையும் கேட்காமல் திரும்பியதும் வருவதில்லை. அட்சய பாத்திரத்தையும் காட்டுகிறார்கள். வனவாசத்தில் தேடி வருகிறவர்களுக்குச் சோறு போட வழியில்லாமல் தர்மபுத்திரர் சூரியனை வேண்டிப் பெற்ற பாத்திரம் அது. திரௌபதி சாப்பிடுகிற வரைக்கும் அதில் அன்னம் வந்துகொண்டே இருக்கும். அவள் சாப்பிட்டு எழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகே வீட்டுக்காரி உட்காருவாள் என்பதால்தான் அது அட்சய பாத்திரம். என் பாட்டிக்குப் புராணம் படிக்கத் தெரியாது. பானை வற்றும்வரை சாப்பிடாமல் இருக்க மட்டும் தெரிந்திருந்தது.

விசாகப்பட்டினம் பக்கத்தில் சிம்மாசலம் இருக்கிறது. அங்கே வராக லட்சுமி நரசிம்மர் வருஷம் முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். அந்தக் காப்பைக் களைந்து நிஜ ரூபத்தில் தரிசனம் கொடுப்பது வருஷத்தில் ஒரே நாள். அதுவும் அட்சய திருதியைதான். சுவாமி போர்த்தியதைக் களைகிற நாளில் நாம் பூட்டிக்கொள்ள வரிசையில் நிற்கிறோம்.

மோதிரம் இன்னும் மீட்கப்படவில்லை. இந்த நவராத்திரிக்குக் கும்பகோணம் போனபோது, மருமகளும் நானும் கடைத்தெருவில் இரண்டு மண்பானை வாங்கி வந்தோம். எங்கள் குடியிருப்பில் திண்ணை கிடையாது. காவலாளியிடம் கேட்டதில், வாசல் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைக்கலாம் என்றார். வரும் அட்சய திருதியைக்கு அங்கே மோர் இருக்கும். உங்கள் தெருவிலும் ஒரு பானை வையுங்கள்.