மூன்றரை வயது விண்ணப்பதாரர்

விண்ணப்பதாரருக்கு வயது மூன்றரை. பால்பற்களெல்லாம் முளைத்தாயிற்று. ‘ர’ மட்டும் இன்னும் வாயில் நிற்கவில்லை. ரயிலை ‘லயில்’ என்கிறார். எல்.கே.ஜி. சேர்க்கைக்குள் அந்த லயில் தண்டவாளம் ஏறாவிட்டால் குடும்ப மானம் கப்பலேறிவிடும். ஆகவே வீட்டில் ஒத்திகை. அப்பா பிரின்சிபால் வேடம் கட்டி, ‘வாட் இஸ் யுவர் நேம்?’ என்று அதட்டுகிறார். சொந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருந்த குற்றத்துக்காக விண்ணப்பதாரர் அதைத் தினமும் ஒப்பிக்கிறார்.

பெற்றோருக்கும் தேர்வு உண்டு. என்ன பட்டம், என்ன சம்பளம், வீட்டில் ஆங்கிலம் புழங்குமா? பாட்டியைக் கூட்டிப்போவதில்லை; வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடும். இதையெல்லாம் நேர்காணல் என்று சொல்லிவிடாதீர்கள், பள்ளிக்குக் கோபம் வரும். ‘சும்மா பாப்பாகூடப் பேசிப் பார்க்கிறோம்’ என்பார்கள். நன்கொடையும் நன்கொடை அல்ல, கட்டட நிதி. கட்டடம் எழுந்து, வெள்ளையடித்து, வெடிப்பும் விட்டாயிற்று. நிதிக்குத்தான் இன்னும் கூரை போட்டபாடில்லை.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆவது பிரிவு: பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் 50,000 வரை. படித்ததும் ஆனந்தக் கண்ணீர் வரும். துடைத்துக்கொண்டு 2-ஆவது பிரிவையும் படியுங்கள். அங்கே குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரை. தனியார் பள்ளிகளின் நர்சரி சேர்க்கைக்கு, நலிந்தோருக்கான 25 விழுக்காட்டு இடங்களைத் தவிர, இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிந்தது கதை. ‘லயில்’ என்று மழலை பேசும் ஜீவன் சட்டத்தின் கணக்கில் குழந்தையே அல்ல. ஆறு வயதில்தான் அது குழந்தையாகப் பிறக்கும். அதுவரை வாடிக்கையாளர்.

அந்த 25 விழுக்காடாவது ஒழுங்காகக் கிடைத்ததா? ஒன்றிய அரசு நிதியை நிறுத்திவைத்தது, மாநில அரசு கையை விரித்தது. 2025-இல் தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூனில் திறந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கான சேர்க்கை அக்டோபரில் தொடங்கியது. ஏழை என்றால் காத்திருக்க வேண்டும் என்ற பாடத்தைப் பள்ளிக்குள் நுழையும் முன்பே நடத்தி முடித்துவிட்டார்கள். இதைவிடச் சிறந்த முன்தயாரிப்பு உண்டா?

மூன்று வயது நிறைந்தவர்களுக்கு இலவச முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு. செய்யாவிட்டால்? ஒன்றும் ஆகாது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது. அதன் பணியாளர் பாட்டுச் சொல்லித்தர வேண்டும், எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கவும் வேண்டும். 2019-இல் தமிழ்நாட்டின் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தது. 2022-இல் அதற்கு மூடுவிழா அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். பிறகு போட்ட தற்காலிக ஆசிரியருக்கு மாதம் 5,000 ரூபாய். பிஞ்சு மூளைக்கு அடித்தளம் போடுகிறவருக்குக் கொத்தனார் கூலிகூடக் கிடையாது.

மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். தொட்டும் துழாவியும் தானாகக் கற்கட்டும் பிள்ளை என்றார். அந்த அம்மாள் பெயர் தெருவுக்குத் தெரு பலகையில் தொங்குகிறது. உள்ளே பிஞ்சு விரல்கள் கர்சிவ் எழுதிக் காய்த்துப்போகின்றன.

பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். டிபன் டப்பாவைத் திறக்கத் தெரிய வேண்டும். விட்டுப்போன அம்மா சாயங்காலம் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கை வேண்டும். அதற்குத் தேவை ஒரு மடி, கொஞ்சம் மணல், நிறையப் பொறுமை. மூன்றுக்கும் ரசீது போட முடியாது என்பதால் எந்தக் கட்டணப் பட்டியலிலும் அவை இல்லை.

மழலையைத் திருத்துவதில் காட்டும் முனைப்பைச் சட்டத்தைத் திருத்துவதில் ஒருவரும் காட்டுவதில்லை. மூன்று வயதிலிருந்தே கல்வி உரிமை பொருந்தட்டும் என்று 2019-இல் கஸ்தூரிரங்கன் குழுவின் தேசியக் கல்விக் கொள்கை வரைவே சொன்னது. 2020-இல் கொள்கை வந்தது. அந்தத் திருத்தம் வரவில்லை. ‘ர’ சொல்ல வராத பிள்ளைக்கு ஒரு மாதம் கெடு வைக்கிறீர்களே, 6-ஐ அழித்துவிட்டு 3 என்று எழுத உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?