மூடியியல்: ரொட்டி இயந்திரம் பற்றி ஒரு சிற்றாராய்ச்சி

பாயிரம்

இட்லிப் பானையின் மூடியை எப்போது திறக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் வகுப்பெடுத்ததில்லை. ஆவியின் வாசனை மாறும், கை தானாகப் போகும். குக்கர் மூடிக்கு விசில் இருக்கிறது. சோற்றுப் பானையோ மூடியைத் தானே தள்ளிக்கொண்டு பொங்கி விஷயத்தைச் சொல்லிவிடும். ஆக, தமிழர் சமையலறையில் மூடி என்பது பேசும் பொருள்.

பேசாத மூடி ஒன்று மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தது. அது ரொட்டி இயந்திரத்தின் மூடி. நடுவில் உள்ளங்கையளவு கண்ணாடி, அந்தக் கண்ணாடியில் எந்நேரமும் ஆவி. இம்மூடியை எப்போது திறக்கலாம், எப்போது திறக்கலாகாது, திறந்தார் கதி என்ன, திறவார் கதி என்ன என்பனவே இக்கட்டுரையின் நுதலிய பொருள். ஆய்வுக்களம் சென்னையில் இரண்டாம் மாடிச் சமையலறை ஒன்று. ஆய்வுக்காலம் மூன்று கோடை. ஆய்வுக்குழுவினர் அடியேன், என் மனைவி, என் அம்மா. நிதிநல்கை யாதும் பெறப்படவில்லை. மைதா வாங்கிய காசு என்னுடையது.

வரலாற்றியல்

நம்மூரில் ரொட்டிக்கு நெடுங்காலமாக ஒரு கெட்ட பெயர் உண்டு: காய்ச்சல்காரன் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் ரொட்டி, நாலு சாத்துக்குடி. இயந்திரம் முதன்முதலாக மணம் பரப்பிய அன்று மாடிப்படி ஏறி வந்த மூன்றாம் மாடி மாமி, வாசலிலேயே நின்று "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். ஈழத்தில் இந்த அவப்பெயர் இல்லை. அங்கே அது பாண். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். சம்பலோடு அதைக் காலைச் சாப்பாடாகவே வைத்திருக்கிறார்கள். அச்சில் வைத்துச் சுட்டது அச்சுப் பாண். இயந்திரம் சுடுவதும் அச்சுப் பாணே என்று நான் நிறுவினேன். வீட்டில் ஏற்கவில்லை, பிரெட் என்றே சொல்லி வருகிறார்கள்.

வீட்டில் சுடுவானேன் எனின், 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடை ரொட்டி, பன் வகைகளில் 38 மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே புரோமேட்டுக்கு நாடு முழுவதும் தடை வந்துவிட்டது. தடை வந்து வருடங்கள் ஆகியும் என் மனைவி ரொட்டிப் பாக்கெட்டின் பின்புறத்தைக் கோர்ட்டு நோட்டீஸ் படிப்பதுபோல் படிப்பதை நிறுத்தவில்லை. இயந்திரம் வந்ததற்கு இதுவே முதற்காரணம்.

இயந்திரம் பிறந்த கதை இதைவிடச் சுவையானது. 1985ல் ஜப்பானின் ஒசாகாவில், இன்று பானசோனிக் எனப்படும் மட்சுஷிதா நிறுவனத்தார் வீட்டுக்கான ரொட்டி இயந்திரம் ஒன்றைச் செய்ய முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். மேல்தோல் கருகும், உள்ளே வேகாது. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூட ஒப்பிட்டார்கள். நாம் மார்புச் சளிக்கு எடுப்பதை அவர்கள் மைதாவுக்கு எடுத்தார்கள், பலன் இல்லை. கடைசியில் இகுகோ தனகா என்ற மென்பொருள் வல்லுநர், ஒசாகாவின் பெயர்பெற்ற ஹோட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் சீடராகச் சேர்ந்தார். அவர் மாவைப் பிசையும்போது ஒரு தனி விதமாக இழுத்து முறுக்குவதைக் கண்டுபிடித்தார். அந்த முறுக்கு வருவதற்காகப் பாத்திரத்தின் உட்சுவரில் வரம்பு போலச் சில மேடுகளை வைத்தார்கள். இயந்திரம் தேறியது. மேலாண்மைப் பேராசிரியர் இகுஜிரோ நொனாகா 1991ல் இக்கதையை எழுதப்போய், அது உலகெங்கும் மேலாண்மை மாணவர் பாடமாகிவிட்டது.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப கை வெச்சாத்தான் வந்திருக்கு. இத சொல்றதுக்கு எக்ஸ்ரே எதுக்குடா?" என்றாள். இக்கருத்தின் ஆழம் பின்னர் விளங்கும்.

கருவியியல்

எங்கள் இயந்திரம் என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. ஏறக்குறைய இரண்டு மடங்குதானே, ரொட்டி சீக்கிரம் வெந்துவிடுமே என்று நினைப்பவருக்கு ஒரு கணக்கு: சூடேற்றும் கம்பியில் வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது சுமார் மூன்றே முக்கால் மடங்கு. 550 வாட் இயந்திரம் இரண்டாயிரம் வாட்டைக் குடிக்கப் பார்க்கும். குடிப்பதற்குள் அதன் உயிர் போய்விடும். ஆகவே வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும், அதுவும் இயந்திரத்தின் வாட்டைவிடத் தாராளமாகத் தாங்குவதாக. வாங்கினேன். தூக்கிப் பார்த்ததில் இலவசமாக வந்த இயந்திரத்துக்கும் காசு கொடுத்து வாங்கிய டிரான்ஸ்ஃபார்மருக்கும் கனத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புதிதாக வாங்குபவர் இங்கேயே 230 வோல்ட்டுக்குச் செய்ததை வாங்குக.

வைக்கும் இடமும் ஆராய்ச்சிக்குரியது. பிசையும்போது இயந்திரம் அதிரும். அதிர்வது நகரும். முதல் வாரத்தில் ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் தற்செயலாக எட்டிப் பார்த்தபோது, அது மேடையின் விளிம்புக்கு வந்து, முன்னங்கால் இரண்டையும் வெளியே வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே. பின்சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி; ஆவி போக வேண்டுமல்லவா. மேலே மர அலமாரி இருக்கக் கூடாது. கழுவும்போது உள்பாத்திரத்தை மட்டும் கழுவ வேண்டும். முழு இயந்திரத்தையும் குழாயடியில் காட்ட முனைந்த வேலைக்கார அம்மாவை நான் பாய்ந்து தடுத்தது என் வாழ்வின் சில வீரச் செயல்களில் ஒன்று.

அளவியல்

இங்கேதான் இரண்டு நாகரிகங்கள் மோதின. அம்மாவின் உப்பு கைப்பிடியளவு, நீர் விரற்கடையளவு. இயந்திரத்துக்குக் கிராம் தவிர வேறு பாஷை தெரியாது. பல தோல்விகளுக்குப் பின் நிலைபெற்ற சூத்திரம் இது: மைதா 400 கிராம், தண்ணீர் 255 மில்லி, உப்பு 8 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு, ஈஸ்ட் 4 கிராம். கோதுமை மாவானால் நீர் கூட வேண்டும். நம் ஆட்டா தாகமுடையது, 290 மில்லிகூடக் குடிக்கும். முதலில் நீர், அதன்மேல் தீவுபோல் மாவு, மூலையில் உப்பு, மாவின் உச்சியில் சிறு குழி பறித்து அதில் ஈஸ்ட். சில இயந்திரங்களில் இம்முறை தலைகீழ். நோக்கம் ஒன்றே: மாவைப் பிசையும் துடுப்பு சுழலும்வரை ஈஸ்ட்டின்மேல் நீர் படக் கூடாது.

பல இயந்திரங்களில் 13 மணி நேரம் வரை தாமதித்துத் தொடங்கும் வசதி உண்டு. இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ரொட்டி. ஆனால் அந்த ஏற்பாட்டில் பாலும் முட்டையும் சேர்க்கலாகாது. சென்னையின் மே மாத இரவில் எட்டு மணி நேரம் வெளியே கிடந்த பால் என்னவாகும் என்பதைத் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூடியியல்

இனி நூலின் உயிர்நிலை. எங்கள் இயந்திரத்தில் சாதாரண ரொட்டிக்கு 3 மணி 20 நிமிடம். இந்த நேரத்தில் மூடியைத் திறக்கலாமா என்பதில் இரு மதங்கள் உள.

திறவார் மதம் என் மனைவியுடையது. "என்னங்க, புக்குல தொறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அத்தை கேக்க மாட்டேங்கறாங்க." திறப்பார் மதம் அம்மாவுடையது. "மாவைப் பாக்காம பதம் எப்படிடா தெரியும்? கண்ணைக் கட்டிக்கிட்டுப் புள்ள வளக்கிற மாதிரி இருக்கு."

இருவரும் ஒரே நாளில் சரியாகவும் தவறாகவும் இருக்க முடியும் என்பதே என் கண்டுபிடிப்பு. பிசையும் கட்டத்தில் மூடியைத் திறப்பதால் கேடு ஒன்றுமில்லை. அப்போது வெப்பமும் தேவையில்லை, காற்றும் சேரவில்லை. திறக்காவிட்டால்தான் கேடு. மைதா பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், மழைக்காலத்தில் ஈரம் ஏறியிருக்கும். 255 மில்லி என்பது இயந்திரத்துக்கு வேதவாக்கு, மாவுக்கு அப்படியில்லை. ஆறாவது ஏழாவது நிமிடத்தில் திறந்து பார்க்க வேண்டும். சப்பாத்தி மாவைவிட ஒரு மாற்றுத் தளர்ந்து, உருண்டையாகத் திரண்டு, பாத்திரத்தின் சுவரை ஒட்டி ஒட்டி விட்டால் அது பதம். இரண்டு மூன்று கட்டிகளாக உடைந்து டக் டக்கென்று இடித்தால் ஒரு டீஸ்பூன் நீர். வடை மாவுபோல் அடியில் சேறாகக் கிடந்தால் ஒரு மேசைக்கரண்டி மாவு. விட்ட பின் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். அதற்குள் இன்னொரு கரண்டி ஊற்றுவதே நம் பிறவிக் குணம். மூலையில் ஒட்டிய மாவை ரப்பர் கரண்டியால் வழித்துவிடலாம். துடுப்பு சுழல்கையில் விரலை விடுதல் திறப்பார் மதத்தாலும் ஏற்கப்படாதது.

பிசைதல் முடிந்ததும் நியாயம் திறவார் பக்கம் போய்விடுகிறது. மாவு உப்பும்போது திறந்தால் கதகதப்பு இறங்கும். சென்னையில் வெளிக்காற்றே கதகதப்பு என்பதால் தண்டனை குறையும், ஊட்டியில் குறையாது. ஆனால் சுடும் கட்டத்தில், அதிலும் அதன் முதற்பாதியில், திறப்பவனுக்கு மன்னிப்புக் கிடையாது. மாவின் உள்ளே ஆயிரம் காற்றறைகள். அவற்றின் சுவர் இன்னும் இறுகவில்லை. மூடி திறக்க, சூடு விலக, கூரை உட்காரும். அம்மா ஒருநாள் "சும்மா ஒரு நிமிஷம்டா" என்று திறந்தாள். அன்றைய ரொட்டியின் நடுவில் எங்கள் தெருவில் குழாய் பதித்தபின் மூடாமல் போன பள்ளம் போல ஒன்று இருந்தது. அம்மா அதில் நெய்யும் சர்க்கரையும் நிரப்பி, "இதுக்காகத்தான் பள்ளம்" என்றாள்.

திணையியல்

தோற்ற ரொட்டிகளை வகைப்படுத்தும்போது ஐந்திணைக்கு வெளியே ஒன்றும் நிற்கவில்லை.

ஈஸ்ட் மிகுந்தால், அல்லது கோடையில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால், மாவு மலையாக எழுந்து மூடியைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். இது குறிஞ்சி. நிலம் மலை, ஒழுக்கம் புணர்தல். பிரிப்பதற்குக் கத்தி எடுக்கலாகாது, ஒட்டாப் பூச்சு போய்விடும். வெந்நீரில் ஊறிய துணிதான். ஏப்ரல், மே மாதங்களில் ஃபிரிஜ் தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டில் கால் பங்கு குறைத்தால் குறிஞ்சி தணியும். முல்லையின் ஒழுக்கம் இருத்தல், அதாவது காத்திருத்தல். மூன்றரை மணி நேரம் காத்திருந்து திறந்தால் மாவு போட்ட உயரத்திலேயே செங்கல்லாகக் கிடக்கும். ஈஸ்ட் செத்துவிட்டது என்று பொருள். ஒன்று பாக்கெட்டைத் திறந்து வெளியே வைத்த பாவம்; அல்லது வெதுவெதுப்பான நீர் என்று எழுதியதைக் கொதிநீர் எனக் கொண்ட பாவம். 60 டிகிரியில் ஈஸ்ட் பிழைக்காது. நீர் மிகுந்தோ மூடி திறந்தோ அமுங்கிப் போனது மருதம், அதன் ஊடலை மேலே கண்டோம். உப்பை இருமுறை போட்டது நெய்தல், உண்டவர் இரங்குவர்.

பாலைதான் நுட்பமானது. அதற்குத் தனி நிலம் கிடையாது. நன்றாக வந்த ரொட்டியும் மறுநாள் பாலையாகும். கெட்டுப்போகுமே என்று ஃபிரிஜில் வைப்பதால் வரும் வினை. அக்குளிரில் மாவுச்சத்து இன்னும் வேகமாக இறுகி ரொட்டி வறண்டுவிடும். வெளியே வைத்தால், கடை ரொட்டிக்குப் போடும் பூஞ்சைத் தடுப்பான் நம்முடையதில் இல்லை. சென்னை ஈரத்தில் மூன்றாம் நாள் பச்சை பூத்துவிடும். நறுக்கி ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது வேண்டிய துண்டை எடுத்துத் தோசைக்கல்லில் போட்டால் இரண்டு துன்பமும் இல்லை.

புறனடை

வெந்ததும் பாத்திரத்தை ஈரக் கரித்துணியால் பிடிக்கக் கூடாது. ஈரம் சூட்டைச் சட்டென்று உள்ளங்கைக்குக் கடத்திவிடும். ஆய்வுக்குழுவின் தலைவர் இதைத் தம் கையிலேயே சோதித்திருக்கிறார். உலர்ந்த தடித்த துணியால் எடுத்து, கவிழ்த்து, கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். சுடச்சுட அறுத்தால் உள்ளே களியாக இருக்கும்.

கவிழ்க்கும்போது அடியைப் பார்க்க வேண்டும். பிசைந்த துடுப்பு சில நாள் பாத்திரத்தில் தங்கும், சில நாள் ரொட்டிக்குள் புதைந்து வரும். ஆறியபின் அதை நெம்பி எடுத்தால் அடியில் ஒரு துளை மிஞ்சும். துளை தெரிந்தால் துடுப்பு எங்கே என்று தேட வேண்டும். துளை தெரியாவிட்டால் இன்னும் அவசரமாகத் தேட வேண்டும்.

போன பொங்கலுக்கு முன், வாசலில் நின்று உடம்பு விசாரித்த அதே மூன்றாம் மாடி மாமிக்கு ஒரு முழு ரொட்டியை எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்பினோம். இரண்டு நாள் வீடு முழுக்கத் துடுப்பைத் தேடினோம். மூன்றாம் நாள் டப்பா திரும்பி வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் மாமிக்குக் கிடையாது. எட்டு தேன்குழல், அவற்றின் நடுவே விபூதி போட்டுத் துலக்கியது போல் பளபளவென்று எங்கள் துடுப்பு.