சந்தா யாருக்கு, நன்கொடை யாருக்கு?

கே: எங்கள் சேவைச் சங்கத்தில் சந்தா, நன்கொடை இரண்டும் ஒரே கணக்கில் போகின்றன. தவறா? (வாசகர், திருவதிகை)

ப: தவறுதான். சந்தா சங்கத்தை நடத்த, நன்கொடை ஊருக்கு. லயன்ஸ் சங்கங்கள் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. கண் முகாமுக்கென்று ஒருவர் கொடுத்த காசில் பதவியேற்பு விழாப் பந்தல் போட்டால், அடுத்த வசூலுக்கு அவர் கதவு திறக்காது.

கே: தானே புயலின்போது குவிந்த நிதி அப்புறம் வற்றிவிட்டதே? (வாசகி, நெல்லிக்குப்பம்)

ப: 2011 டிசம்பர் 30 அன்று பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்துக் கொடுத்தார்கள். அது புயலுக்கு வந்த பணம். சுனாமி, தானே, 2015 வெள்ளம் வந்த ஆண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பழைய பேரேடுகளைப் புரட்டுங்கள். மிஞ்சுவதுதான் சங்கத்தின் உண்மையான வரவு. திட்டம் போட அதை நம்புங்கள்.

கே: வைப்பு நிதியின் வட்டி முழுவதையும் செலவழிக்கலாமா? (வாசகர், சிதம்பரம்)

ப: வேண்டாம். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. மந்தை குட்டி போட்டு ஈடுகட்டிவிடும். வங்கியில் கிடக்கும் ரூபாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை, விலைவாசி அதைத் தின்றுகொண்டே இருக்கிறது. வட்டியில் ஒரு பங்கை ஆண்டுதோறும் முதலோடு சேருங்கள். இல்லையென்றால் இன்று 100 பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கும் சங்கம், நாளை அதே வட்டியில் 60 பேருக்குக் கொடுக்கவே திணறும்.

கே: பெரும் புரவலர் இல்லாமல் ஒரு சேவை நீடிக்குமா? (வாசகர், குறிஞ்சிப்பாடி)

ப: பக்கத்து வடலூரையே பாருங்கள். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில், 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலை தொடங்கினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. ஒரே புரவலரை நம்பியிருந்தால் அவரோடு சேர்ந்து சோறும் நின்றிருக்கும்.

கே: கணக்கு கேட்டால் பொருளாளர் கோபிக்கிறார். (வாசகி, பண்ருட்டி)

ப: கோபிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை வைத்தாக வேண்டும். உறுப்பினர் கணக்கு கேட்பது உரிமை, குற்றச்சாட்டு அல்ல.

கே: 5,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுக்கலாமா? (வாசகர், கடலூர்)

ப: சங்கத்துக்கு வருமான வரித் துறையின் நன்கொடை அங்கீகாரம் இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. காசோலையாகக் கொடுங்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.